காற்றாடி சுற்றாவிட்டால்

சார்ஜர் கொழும்பிலிருந்து பார்சலில் வந்தது.
கையடக்கம், நான்கு பொத்தான்,
சுவரில் செருக வால் இல்லை.
பதினொன்றிலிருந்து பதினெட்டு வோல்ட்டுக்குள் தா,
மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்கிறது கைநூல்.
தருவதற்கு என்னிடம் இருநூற்று முப்பதுதான் இருக்கிறது,
வீடு முழுக்க.

முதல் இரவு பத்திநாதன் அண்ணரின்
ஓட்டோ பற்றரியை இரவல் வாங்கினேன்.
என் இரண்டடிப் படகுக்கு வயிறு நிறைந்தது.
காலையில் அவருடைய ஓட்டோ
அனுராதபுரச் சந்தி வரை தள்ளப்பட்டுப் போனது.
தள்ளியது நான், கச்சேரிக்கு உடுத்த சேலையோடு.
பதினொரு மணிக்குள் காணிக் கிளை முழுக்கத் தெரிந்துவிட்டது.
"இந்த வயசில படகு விடுறதோ?"
நாற்பத்தாறு. விடுறதுதான்.

மத்திய வீதியில் ஆறு கடை ஏறினேன்.
ஆறு கடையிலும் ஒரே கேள்வி:
"மகனுக்கோ மிஸ்?"

சனிக்கிழமை, பாலையூற்று.
நஜிமுதீனின் பழைய இரும்பு வளவு.
கதவில்லாத ஃபிரிட்ஜ்கள், செதில் ஒட்டிய மீன் தராசு,
சீனன்குடாப் பக்கமிருந்து வந்த ஒரு யூரியா மூட்டை.
மூட்டைக்குள் ரெஜிபோமில் வெட்டிய பாதிச் சிறகு.
அதற்கடியில் இது:
கொம்பியூட்டர் ஒன்றின் வயிற்றிலிருந்து கழற்றிய தகரப் பெட்டி,
யாரோ ஏற்கனவே மாற்றிக் கட்டியது.

நான் தேடி வந்தது வெறும் பெட்டியைத்தான்.
மாற்றுவது எப்படியென்று மூன்று கிழமையாய்
பழுதான காணிப் படிவங்களின் முதுகில் கீறிக்கொண்டிருந்தேன்.
கீறியதெல்லாம் இங்கே கம்பியாய்க் கிடந்தது.
மஞ்சள் வயர்கள் ஒரே பின்னலாய் ஒரு பித்தளைப் போல்ட்டுக்கு,
கறுப்பெல்லாம் இன்னொன்றுக்கு.
பச்சையை ஒரு கறுப்போடு முறுக்கி,
பேனைக் குழாய் வெட்டி உறை மாட்டியிருந்தான்.
அப்படிக் கட்டினால்தான்
தாய்ப்பலகை பக்கத்தில் இருக்கிறதென்று நம்பி
பெட்டி கண் திறக்கும்.
பிறகு, சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே
சோக்கட்டி போல ஒரு வெள்ளைத் தடையி,
தகரத்தோடு இறுக்கிக் கட்டி.
அதற்கு வேலை ஒன்றுமில்லை, சூடாவதைத் தவிர.
அது சூடாகாவிட்டால் மஞ்சள் பக்கம்
பன்னிரண்டில் நிற்காது, சரியும்.
என் படிவங்கள் எதிலும் அது இல்லை.

ஈயம் கட்டி கட்டியாய், அவசரக் கை.
ஆனால் நேர்முனைப் போல்ட்டில் சிவப்பு நகப்பூச்சு,
இரண்டு தரம், ஓரம் வழியாமல்.
யார் வீட்டுப் போத்தலோ,
அவனுடைய மனைவியுடையதோ, தங்கையுடையதோ என்று
யோசித்துக்கொண்டே பெட்டியைத் திருப்பினேன்.
அவன் என்றா சொன்னேன்?
ஏழாவது கடை நான்தான்.

மூடியில் வெள்ளை மையால் ஒரு வரி, சிங்களம்.
நஜிமுதீன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
கிட்டப் பிடித்து வாசித்தார்:
"காத்தாடி சுத்தாட்டி ஒரு தட்டு தட்டவும்."
பிறகு தராசில் வைத்தார்.
ஒரு கிலோ நானூறு கிராம்.
எழுத்துக்குத் தனியாகக் காசு எடுக்கவில்லை.

இரவு. குசினித் தரையில் பெட்டி,
பக்கத்தில் மண் வாளி, பயத்துக்கு.
பாட்டா செருப்பைப் போட்டுக்கொண்டு
சுவிட்சை அமத்தினேன்.
வெள்ளைத் தடையி மெல்லச் சூடாகிறது.
காற்றாடி அசையவில்லை.

முகம் தெரியாத ஒருவரின் சொல்லைக் கேட்டு
ஒரு தட்டு.

இருமியது. பிறகு சுற்றியது,
தூரத்தில் கிண்ணியா பஸ் ஏற்றம் ஏறுகிற சத்தத்தோடு.
மீற்றரில் பதினொன்று தசம் ஒன்பது.
சார்ஜர் நீலமாய் விழித்து
எத்தனை செல் என்று கேட்டது.
மூன்று என்றேன், வாய்விட்டு.

இது நடந்து எட்டு மாதம்.
உட்துறைமுகத்தில் ஞாயிறு காலைகளில் என் படகு
கடற்படைப் பொடியன்களின் விசிலுக்குத் திரும்புகிறது.
போன கிழமை மூடியில், அந்த வரிக்குக் கீழே,
கச்சேரி வெள்ளை மையால் தமிழில் எழுதினேன்:
இப்போது இரண்டு தட்டு.